யமனுக்குக் குரல் கொடுத்தவன்

ஜூன் 9, ஞாயிறு

இன்று முதல் எழுதுவது என்று முடிவு. நடந்ததை நடந்தபடி, ஒட்டாமல், சாட்சியாக நின்று எழுத வேண்டும். கோபம் கூடாது, பொறாமை கூடாது. நான் வேறு, நடப்பது வேறு. உபநிடதங்கள் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கின்றன. நம் ஆட்கள்தான் அதைப் பூஜையறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

நாளைக்கு எங்கள் இசைக்குழுவைப் பற்றி யாராவது எழுத வந்தால் உதவட்டும் என்று விவரமும் குறித்து வைக்கிறேன். குழுவின் பெயர் காலதண்டம். ஊர் பொள்ளாச்சி. ஹெவி மெட்டல். இளநீருக்கும் சந்தைக்கும் பேர்போன ஊரில் இந்த இரைச்சல் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவன் கேட்டுக்கொண்டே கிடக்கட்டும். கிட்டாரும் பாட்டெழுதுவதும் நான். ட்ரம்ஸ் ஜெபசீலன், என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். காலையில் சர்ச்சில் வாசித்துவிட்டு அதே கையோடு இங்கே வந்து யமனுக்கு வாசிப்பான். பாடுவது நாச்சிமுத்து. மார்க்கெட்டில் வாழைத்தார் ஏலம் கூறுகிறவன். தாத்தா பெயரை வைத்துவிட்டார்களே தவிர ஆளுக்கு முப்பத்தொன்றுதான்.

அவனை நான்தான் கண்டுபிடித்தேன். கோயில் விசேஷத்துக்குத் தார் வாங்கப் போயிருந்தேன். "பூவன் தாரு! ஒரு தரம்!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், என் பக்கத்தில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதுவரை குழுவில் பாடிக்கொண்டிருந்தவன் நான். நானும் மோசமில்லை. ஆனாலும் பாட்டுக்கு எது நல்லதோ அதைச் செய்கிறவன் என்பதால் மைக்கை அவனிடம் கொடுத்தேன். அதில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது.

இப்போது ஆல்பம். ஐந்து பாட்டு. மனிதனுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து உறை: அன்னம், பிராணன், மனம், அறிவு, ஆனந்தம். செத்துப்போனவனை யமன் வழியிலேயே நிறுத்தி ஒவ்வொன்றாக உரிக்கிறான். எல்லாம் போன பிறகு மிஞ்சுவது சாட்சி. செப்டம்பரில் பெங்களூரில் ஒரு மெட்டல் விழா. அதற்குள் ஆல்பம் வந்தாக வேண்டும்.

மற்றபடி, என் குடோனில் தென்னை நார் ஏற்ற வந்த லாரிக்காரன் தார்ப்பாய் இல்லாமல் வந்து நின்றான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டியது வாய். நான் வாய் அல்ல.

ஜூன் 12, புதன்

குடோன் மாடியில் பாடுகிற அறை தயார். பெங்களூரில் எங்களுக்கு மிக்ஸிங் செய்யும் தர்ஷன், ஃபோம் ஒட்டு, அது ஒட்டு, இது ஒட்டு என்றான். அப்பா எனக்கு விட்டுப்போனதே தென்னை நார்த் தொழில்தான். நாலு சுவரிலும் கூரையிலும் பச்சை நாரை வலைக்குள் அமுக்கி அடித்துவிட்டேன். உள்ளே நின்று கைதட்டினால் சத்தம் அப்படியே செத்து விழுகிறது. இனி இந்த மாதிரி அறைக்கு வெளியூர்க்காரன் என்னிடம் வந்து யோசனை கேட்பான்.

ஜெபா உள்ளே போய்விட்டு அடுக்குத் தும்மலோடு வெளியே வந்தான். "டேய், ஒரே நார்த்தூளா பறக்குதுடா. பாடறவன் மூச்சுக்கு மூச்சு இதையல்ல இழுக்கோணும்?"

"யமலோகத்துல ஏசி போட்டா வெச்சிருக்கான்?" என்றேன். நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். ஏசி பக்கத்து அறையில், நானும் கம்ப்யூட்டரும் இருக்கும் இடத்தில். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது.

டீ குடிக்கும்போது நாச்சிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து ஜெபாவின் கைமேல் போட்டு அடியில் விரலைப் பிடித்தான். அவனுடைய மாமனார் காளியப்பன் மாட்டுச்சந்தையில் தரகர். அங்கே விலையை வாயால் சொல்வது கிடையாது. துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து, அழுத்தி, மடக்கித்தான் பேரம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. "நான் தொண்டை கிழியக் கத்தி விக்கறதை என்ற மாமனாரு வாயே தொறக்காம வித்துருவாருங்ணா" என்றான். ஜெபா அரைமணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். நாச்சிமுத்து எனக்கும் கை நீட்டினான். ஊமைப் பேச்சு எனக்கெதற்கு, நான் டீயை எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

முதல் பாட்டு 'அன்னம்' முடிந்தது. மூன்றே டேக். யமன் வாயைத் திறந்ததும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. நான் எழுதிய வரிகள்தான், ஆனால் அவன் வாயில் வரும்போது எனக்கே பயமாக இருக்கிறது.

இடைவேளையில் கேட்டான்: "இப்படி ஒண்ணொண்ணா உரிச்சுட்டே போனா கடேசில என்னங்ணா இருக்கும்?"

"சாட்சி."

"அது பேசுங்களா?"

"பேசாது. பார்க்கும்."

"பக்கத்துல ஒருத்தனை உரிச்சுட்டு இருக்கறப்பவும் சும்மா பாத்துட்டு நிக்குங்களா?"

"ஆமா. அதுதான் அதோட பெருமை."

"அட போங்ணா. அதுக்கு எங்க மண்டி பூனையே பரவால்ல, கத்தவாச்சும் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். இவனுக்கெல்லாம் தத்துவம் சொல்லி நேரம் போனதுதான் மிச்சம்.

ஜூன் 27, வியாழன்

'பிராணன்' முடிந்து 'மனம்' பாதியில் நிற்கிறது. நாச்சிமுத்துவின் குரலில் ஒரு கரகரப்பு சேர்ந்திருக்கிறது. முன்பு பாறை உருண்டது. இப்போது பாறை உடைகிறது. தர்ஷனுக்கு அனுப்பினேன். "யோவ், இந்த டோன் எங்க பிடிச்சீங்க? ஒரு இடத்துலயும் கை வைக்காதீங்க" என்று பதில் வந்தது.

பாட்டுக் கச்சேரி செய்கிறவனுக்குத் தொண்டை கட்டினால் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். எங்கள் இசையில் தொண்டை கட்டினால் அதற்குப் பெயர் டோன். ஜெபா மட்டும், "அவனுக்கு உடம்பு சரியில்லையாட்ட இருக்குடா" என்றான். ட்ரம்ஸ் வாசிக்கிறவனுக்குத் தொண்டையைப் பற்றி என்ன தெரியும்.

மழையில் இரண்டு கட்டு நார் நனைந்துவிட்டது. வெயில் வந்ததும் பிரித்துக் காயப்போட வேண்டும்.

ஜூலை 3, புதன்

'பிராணன்' பாட்டில் இரண்டு நிமிடத்தை வெட்டி இணையத்தில் போட்டோம். பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. பிரேசிலிலிருந்து ஒருவன், "இந்த யமன் யார்?" என்று கேட்கிறான். பாட்டு எழுதியது யார் என்று ஒருவனும் கேட்கவில்லை.

பேக்கரியில் காலேஜ் பையன்கள் மூன்று பேர் நாச்சிமுத்துவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் என்னிடம் போனை நீட்டி, "அண்ணா, கொஞ்சம் போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா?" என்றான். எடுத்துக் கொடுத்தேன். எல்லாப் படமும் ஆடிப் போயிருந்ததாம். கை ஆடியதற்கு நான் என்ன செய்வேன்.

பெங்களூர் விழாவுக்கு போஸ்டர் அனுப்பியிருக்கிறார்கள். முழுக்க அவன் முகம், திருநீற்றை அப்பிக்கொண்டு. ஓரத்தில் என் கிட்டாரின் கழுத்து தெரிகிறது. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இதைத்தான் சாட்சிபாவம் என்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

பாட வந்த நாச்சிமுத்து கை கழுவும் தொட்டியில் துப்பினான். சிவப்பாக இருந்தது. வெற்றிலை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவன் வெற்றிலை போடுகிறவன் இல்லை என்பது பிறகு ஞாபகம் வந்தது.

"காத்தால மார்க்கெட்டுல மூணாந்தரம் சொல்ல முடியலீங்ணா. ரெண்டோட சத்தம் நின்னு போச்சு. யாவாரிக சிரிக்கறாங்க" என்றான். முகத்தில் ரத்தமே இல்லை. ஏலம் கூறுகிறவன் மூன்றாம் தரம் சொல்லித் தாரின் தண்டில் ஓங்கித் தட்ட வேண்டும். அப்போதுதான் விற்றதாகக் கணக்கு. அது வராவிட்டால் அவனை வைத்து மண்டிக்காரன் என்ன செய்வான்? "குரல் போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை கோயமுத்தூருக்கு நானே காரில் கூட்டிப்போவதாகச் சொன்னேன். யாரும் என்னைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிட முடியாது.

ஜூலை 9, செவ்வாய்

தொண்டை மருத்துவர் ஓர் அம்மா. நாச்சிமுத்துவின் வாயில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, குழாய் முனையில் கேமராவை வைத்து உள்ளே விட்டார். மேடையில் யமன், அங்கே குமட்டிக் குமட்டி மயங்கி விழுந்தான். நர்ஸ் அவனைப் பக்கத்து அறையில் படுக்க வைத்தாள்.

"நீங்க யாரு?" என்று கேட்டார் மருத்துவர்.

"அண்ணன்."

"குரல்நாண் ரெண்டும் தடிச்சுப் போயிருக்கு. ஒரு பக்கம் ரத்தம் கசிஞ்சிருக்கு. மூணு மாசம் பேச்சே கூடாது. முணுமுணுக்கக்கூடக் கூடாது. அதுக்கப்புறம் பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம். இப்படியே கத்திக்கிட்டிருந்தா குரல் திரும்பாது. புரியுதுங்களா? அவர் எந்திரிச்சதும் நானே சொல்றேன்."

"வேண்டாங்க டாக்டர். பயந்த சுபாவம். நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

வெளியே கூட்டம் காத்திருந்தது. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மூன்று மாதம் என்றால் அக்டோபர். விழா செப்டம்பரில். இன்னும் இரண்டரைப் பாட்டு பாக்கி. பயமுறுத்துவது மருத்துவர்களின் தொழில், அதற்கென்று எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? கிணத்துக்கடவு தாண்டும்போது நாச்சிமுத்து கேட்டான்.

"என்ன சொன்னாங்கங்ணா?"

"வீக்கம்தானாம். பத்து நாள் ஆவி புடிச்சா வடிஞ்சிருமாம்."

"பாடலாங்களா?"

"பாடாம விட்டாத்தான் இறுகிப் போகுமாம்."

கடைசியாகச் சொன்னது தானாக வாயில் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, "முருகா, பொழைச்சேன்" என்றான். வழியில் நிறுத்தச் சொல்லி எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தான். பொய் சொன்னது வாய். நான் வாய் அல்ல.

ஜூலை 10, புதன்

'மனம்' முடிந்தது. பிரமாதம்.

ஜூலை 21, ஞாயிறு

நாச்சிமுத்துவின் சம்சாரம் அம்சவேணி போன் செய்தாள்.

"ஏனுங்ணா, சோத்தை முழுங்க மாட்டேங்கறாரு. வெறுங்கஞ்சிதான். என்னைக் கூப்படறதுக்குத் தட்டத்தைத் தட்டறாருங்க. டாக்டரு நெசமாலுமே வீக்கம்னுதான் சொன்னாங்களா?"

"நான் பக்கத்துலதானே இருந்தேன்மா."

"நீங்க கூட இருக்கறீங்கங்கற தைரியத்துலதாங்ணா விட்டுருக்கேன்."

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருந்தது. பிறகு நாச்சிமுத்து வந்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அசல் பிரேதம். உடனே மேல்சட்டையைக் கழற்றச் சொல்லி ஆல்பம் அட்டைக்குப் படம் எடுத்தேன். இந்தத் தடவை கை ஆடவில்லை.

நாலாவது பாட்டு 'அறிவு' முடிய ஐந்து நாள் ஆனது. ஒரு வரி பாடுவான், வெந்நீர் குடிப்பான், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவான். இருமலில் ஒன்றைப் பாட்டின் தொடக்கத்தில் வைத்திருக்கிறேன். ரொம்பப் பொருத்தமாக உட்கார்ந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஆழியாறு பக்கம் ஒரே கூட்டம், லாரி கிடைக்கவில்லை.

போன வாரம் ஓர் இணைய இதழிலிருந்து நாச்சிமுத்துவைப் பேட்டி காணக் கேட்டார்கள். அவன் பேசினால் காற்றுதான் வருகிறது. என்ன சொல்வது? சட்டென்று எனக்கு ஒரு யோசனை வந்தது. "எங்கள் பாடகர் மௌன விரதத்தில் இருக்கிறார். ஆல்பம் முடியும்வரை யமனாக மட்டுமே வாய் திறப்பார்" என்று எழுதிக் கொடுத்தேன். ஊரே பற்றிக்கொண்டது. அவன் படத்தின் கீழே கும்பிடு போட்டுக் குவிக்கிறார்கள்.

இன்றைக்கு நாச்சிமுத்து வந்து குடோன் படியில் உட்கார்ந்தான். வாயருகே காதை வைத்தால்தான் கேட்கிறது.

"மண்டிக்காரரு 'வெரதத்தை நல்லபடியா முடிச்சுட்டு வா சாமி'ன்னு சொல்லிக் கும்புடறாருங்ணா. வேற ஆளை மைக்கு செட்டு வெச்சு ஏலம் கூற விட்டுட்டாரு. இது வெரதம் இல்லைங்கன்னு சொல்ல எனக்குச் சத்தம் வரலீங்ணா."

"நல்லதாப் போச்சு. உனக்கும் ஓய்வு ஆச்சு" என்றேன்.

"பத்து நாள்னு சொன்னீங்களேங்ணா."

"ஒவ்வொரு உடம்புக்கும் ஒவ்வொரு மாதிரி. கடைசிப் பாட்டு ஒண்ணு. அதை முடிச்சுட்டா உன்னைத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

என்னை அண்ணாந்து பார்த்தான். அந்தக் கண்ணில் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எரிச்சலாவது வந்திருக்கும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஐந்தாவது பாட்டு 'ஆனந்தம்'. ஜெபாவுக்கு சர்ச்சில் மாதா விசேஷம், வரவில்லை. நல்லதுதான், வந்திருந்தால் நொச்சு நொச்சென்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பான்.

இந்தப் பாட்டுக்கு நான் வார்த்தையே எழுதவில்லை. கடைசி உறையை யமன் உரிக்கும்போது ஒரே ஓர் அலறல், மூச்சு தீருகிறவரை. நாச்சிமுத்து நார் அறைக்குள் போனான். கண்ணாடி வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டு, தொண்டையைத் தொட்டு, முடியாது என்று தலையாட்டினான். ஒலிபெருக்கியில் சொன்னேன்: "ஒரே ஒரு டேக்டா. இதோட உனக்கு விடுதலை."

கண்ணை மூடி நின்றான். பிறகு வாயைத் திறந்தான்.

இந்த ஊரில் நான் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஏறிக்கொண்டே போன குரல், உச்சியில் சீலை கிழிகிற மாதிரி கிழிந்தது. அதற்குப் பிறகும் வாய் திறந்தபடியே இருந்தது, வந்தது வெறும் காற்று. அந்தக் காற்றும் பதிவாகியிருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உடனே திருப்பிக் கேட்டேன். அழுதுவிட்டேன். அவ்வளவு நன்றாக இருந்தது. இன்னொரு தரம் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தபோதுதான் அவன் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாகத் தட்டினானோ, நார் அறை சத்தத்தை வெளியே விடாது. தாடையெல்லாம் ரத்தம், சுவர் நாரிலும் தெறித்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். கறை பட்ட நாரை இன்னும் மாற்றவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தர்ஷன் போன் செய்து, "அந்தக் கடைசிச் சத்தம் எந்த எஃபெக்ட்?" என்று கேட்டான். தொழில் ரகசியம் என்றேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆல்பம் வெளியானது. எங்கே பார்த்தாலும் 'ஆனந்தம்'தான். போட்டுவிட்டு அழுகிறார்களாம், ஒருவன் வேலையையே விட்டுவிட்டானாம். நாச்சிமுத்துவுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறான், பதில் இல்லை.

எலி ஒன்று ஆம்ப் வயரைக் கடித்துவிட்டது. பொறி வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

காலையில் குடோன் வாசலில் லோடு எண்ணிக்கொண்டிருந்தேன். ஜெபா மாடியில் ட்ரம்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்சவேணி வந்தாள். நாச்சிமுத்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"நேத்து கோயமுத்தூர் போய்ட்டு வந்தோங்க" என்று ஆரம்பித்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "டாக்டரம்மா என்னைத் திட்டறாங்க. ஜூலையிலயே இவரோட அண்ணன்கிட்டத் தெளிவாச் சொல்லியனுப்பிச்சேனே, மூணு மாசம் வாயத் தொறக்காம இருந்திருந்தா குரல் பொழைச்சிருக்குமே, இனி ஒண்ணும் பண்றதுக்கில்லைன்னு. எந்த அண்ணன்னு கேட்டேன். கண்ணாடி போட்டுட்டு, கையில கருங்கயிறு கட்டியிருந்த அண்ணன்னாங்க."

நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"இவருக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லீங்க. உங்களைத்தான் அண்ணான்னு கூப்டுட்டுக் கெடந்தாரு."

"அம்சவேணி, உணர்ச்சிவசப்படாதே. குரல்ங்கறது உடம்பு. உடம்புங்கறது ஓர் உறை..."

அவ்வளவுதான் சொன்னேன். "வாயை மூடு நாயே" என்றாள். லோடுமேன்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "உன்ற உடம்பும் உறைதான, அந்த நார் மிசின்ல கையை விடு பாக்கலாம். மனுசன் குரலைத் தின்னுட்டு வேதாந்தம் பேசறயா? நீ நல்லாருப்பயா? நீ செத்தா அழறதுக்கு ஒரு சத்தம் இருக்காது, பாத்துக்கோ." மண்ணை வாரித் தூற்றினாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நாச்சிமுத்து வந்து அவள் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டிப்போனான். என்னை ஒன்றும் செய்யவில்லை.

நான் சாட்சியாக நின்றேன். விட்டுப்போன லோடை ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

மாடியிலிருந்து ஜெபா சிம்பல்களைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான். "டேய், யூதாசுக்காவது அப்புறம் வெக்கம் வந்துச்சுடா" என்றான். என் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்தான். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம்.

செப்டம்பர் 4, புதன்

ஜெபா போனை எடுப்பதில்லை. ட்ரம்ஸுக்கு ஈரோட்டில் ஒருவனைப் பிடித்துவிட்டேன். குரலுக்கு நானே பாடிப் பார்த்தேன். பதிவு செய்து கேட்டேன். அழித்துவிட்டேன்.

விழாக்காரன், "யமன் இல்லாமல் வராதீர்கள், டிக்கெட் வாங்கினவன் எல்லாம் அந்த முகத்துக்காக வாங்கியிருக்கிறான்" என்கிறான். முகம்தானே? முகம் இருக்கிறதே. அலறலைப் பதிவிலிருந்து ஓட விடலாம், அவன் வாயை மட்டும் அசைத்தால் போதும். இது எனக்கு முன்பே ஏன் தோன்றவில்லை?

செப்டம்பர் 12, வியாழன்

நாளை மறுநாள் விழா. நாச்சிமுத்து இப்போது மாமனாரோடு மாட்டுச்சந்தையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே வாய் தேவையில்லை அல்லவா.

ஒரே சாணி, புழுதி, வெயில். ஓர் எருமைக்குப் பக்கத்தில் துண்டை மடித்துத் தோளில் போட்டு நின்றுகொண்டிருந்தான். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. காளியப்பன் கயிற்றைப் பிடித்திருந்தார். பெரிய மனிதர், என்னைப் பார்த்ததும், "வாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "நாச்சிமுத்து, நடந்தது நடந்து போச்சு. நீ பாட வேண்டாம். மேடையில வந்து நின்னாப் போதும். உன் சத்தம்தான் ரெக்கார்டுல வரும். நீ வாயை மட்டும் அசை. நாலாயிரம் பேர் உன்னைப் பார்க்க நிக்கறாங்கடா."

அசையாமல் கேட்டான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். முதுகில் தட்டிக் கொடுத்தான். கோபம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். என்ன இருந்தாலும் நல்லவன். என் கையைப் பிடித்தான், துண்டை மேலே போட்டான், உள்ளே என் விரல்களைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினான். ஒன்றை மடக்கினான். உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தான். அன்றைக்கே கற்றுக்கொண்டிருக்கலாம். எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிடுவது என்றுதான் வந்திருந்தேன்.

"சரி. சரிடா. நீ சொன்னதே இருக்கட்டும்" என்றேன். ஊரே கேட்கும்படி இரண்டு தரம் சொன்னேன்.

அவன் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாமனாரிடம் விரலால் ஏதோ காட்டினான். சுற்றியிருந்த தரகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவன் என்ன சொன்னான்னு தெரியுங்களா?" என்றார் காளியப்பன்.

"எவ்வளவு கேட்டாலும் தர்றனுங்க."

"அவன் கேக்கலீங்க. உங்களுக்கு வெல வெச்சான்." முகத்தில் சிரிப்பே இல்லாமல், மரியாதையாகத்தான் சொன்னார். "பல்லு விழுந்து, பாலும் வத்தி, ஏருக்கும் ஆகாத மாட்டுக்கு வெப்போமுங்க அந்த வெல. அடிமாட்டு வெல. நீங்க சரின்னுட்டீங்க. சந்தைல சரின்னா சரிதானுங்க, பேச்சு மாறப்படாது."

அப்போது சிரித்தார்கள். சந்தையே சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்தான். வாயை அகலத் திறந்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஒரு சத்தமும் வரவில்லை. அந்த வாயைப் பார்த்ததும் எனக்கு 'ஆனந்தம்' ஞாபகம் வந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். எதற்குப் பொத்தினேன் என்று தெரியவில்லை, அங்கே கேட்க ஒன்றும் இல்லை.

பிறகு அவன் அடுத்த மாட்டுக்குப் போய்விட்டான். என்னால் நகர முடியவில்லை. அவமானமாக இருந்தது, திட்டக்கூட வாய் வரவில்லை. காளியப்பன் வேப்பமரத்தடியைக் காட்டினார். அங்கே ஒட்டிய வயிற்றோடு நாலைந்து கிழட்டு மாடுகள் கட்டிக் கிடந்தன.

"கேரளா லாரி வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க. வெயில்ல நிக்காதீங்க, அந்த நெழல்ல போயி நில்லுங்க."

போய் நின்றேன்.